வாய்க்கால் இல்லாத வீட்டில் விருந்து

ஊருக்கெல்லாம் யோசனை சொல்லிவிட்டு, தன் வீட்டுக்குத் திரும்பும்போது மட்டும் புத்தியை வழியிலேயே தொலைத்துவிட்டு வருகிற ஒருத்தன் சூரகேது ராஜாவின் சபையில் இருந்தான். பேர் சாத்தப்பன். மலைச்சரிவில் இடம் பிடித்து, மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டி, தரையைச் சமமாக்கி ஆசையாய் ஒரு வீடு கட்டினான். மேலேயிருந்து ஓடிவருகிற மழைத்தண்ணீரை ஒரு வாய்க்கால் வெட்டி ஒதுக்கிவிட வேண்டும் என்பது மட்டும் அவனுக்குத் தோன்றவே இல்லை. முதல் மழையிலேயே தண்ணீர் கொல்லைப்புறமாக நுழைந்து, அடுப்பை அணைத்து, முன்வாசல் வழியாக மரியாதையாய் வெளியே போனது.

"சபையில உங்களைப் புத்திசாலின்னு சொல்றாங்களாமே?" என்றாள் அவன் மனைவி செங்கமலம், மிதந்து போன முறத்தை எட்டிப் பிடித்தபடி. "அவங்கள்ல ஒருத்தரையாவது வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்களேன்."

அதற்கப்புறம் வாய்க்காலை வெட்டிவிடலாம் என்றுதான் அவனும் இருந்தான். வெயில் அடித்தால் மறந்துபோகும். மழை பெய்தால் வெட்ட முடியாது.

அந்த வருசம் ராஜாவின் மகளுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. பேரனுக்கென்று அதே சரிவில் மாளிகை கட்ட ராஜா ஆசைப்பட்டார்.

"முதல்ல மேல்பக்கம் வாய்க்கால் வெட்டணும் மகாராஜா," என்றான் சாத்தப்பன்.

கட்டட அதிகாரி திருமேனி சிரித்தார். "வீட்டுக்குள்ள முறம் மிதக்குறவர் சொல்றார், கேட்டுக்குங்க! மாளிகைக்கு மேல ஒரு பள்ளத்தை இழுத்தா அழகு என்னத்துக்கு ஆகும்? ராஜா வீட்டுக்குள்ள நுழைய மழைக்குத்தான் தைரியம் வருமா?"

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "வாய்க்காலே கிடையாது. சாத்தப்பா, நீயே நின்னு கட்டி முடி. ஒரு சொட்டு உள்ளே வந்தாலும் நீ நாட்டை விட்டே போகணும்."

ராஜா சொன்னதைத் தப்பென்று சொன்னால் இன்றைக்கே மூட்டை கட்ட வேண்டும். சும்மா இருந்தால் மழைக்காலத்தில் கட்ட வேண்டும். சாத்தப்பன் தலையைச் சொறிந்தான். சபையிலிருந்து ஒருத்தரையாவது வீட்டுக்குக் கூட்டிவரச் செங்கமலம் சொன்னது ஞாபகம் வந்தது.

"உத்தரவு மகாராஜா. கடைக்கால் தோண்டுறதுக்கு முன்னாடி நீங்களும் திருமேனி ஐயாவும் ஏழை வீட்டுல ஒரு வாய் சாப்பிடணும்."

ஐப்பசியில் மேகம் கருத்த நாளாகப் பார்த்து அழைத்து வந்தான். ராஜாவின் கால் கழுவச் செங்கமலம் சொம்போடு வந்தாள்.

"எதுக்கும்மா சிரமப்படுறே? அது தானா வரும்," என்றான் சாத்தப்பன்.

வந்தது. ராஜா ரசத்துக்குச் சோற்றைக் குழிக்கும்போது மழை பிடித்தது. கொல்லைக்கதவுக்கு அடியில் செந்தண்ணீர் புகுந்தது. ராஜாவின் இலை மெதுவாக நகர்ந்து திருமேனியின் மடியில் போய் ஒதுங்கியது.

அண்ணாந்து பார்த்த ராஜா, "தூளியை ஏம்மா அவ்வளவு உசரத்துல கட்டியிருக்கே?" என்றார்.

"மழைக்காலத்துல அப்படித்தான் சாமி. தாழக் கட்டினா பிள்ளை நனைஞ்சிடும்."

ராஜாவின் முகம் மாறியது. பேரனை நினைத்துக்கொண்டார் போல. "என்னடா வீடு இது! வாய்க்கால் எங்கேடா?" என்று கத்தினார்.

சாத்தப்பன் கைகட்டி நின்றான். "மகாராஜா, திருமேனி ஐயாவோட திட்டத்தை நான் முன்னாடியே கட்டிப் பார்த்துட்டேன். முட்டாள்தனத்துல என்னை முந்த இந்த நாட்டுல ஆள் கிடையாது. வாய்க்கால்தானே கேட்டீங்க? மேல வெட்டலைன்னா அது வீட்டுக்குள்ள வந்துடும். இப்ப நீங்க மணை போட்டு உட்கார்ந்திருக்கிறதே அதுலதான்."

ராஜாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. "திருமேனி, மாளிகைக்கு மேல ஒண்ணு, இந்த வீட்டுக்கு மேல ஒண்ணு. மண்வெட்டியை நீயே பிடி! சாத்தப்பா, நாளைக்குச் சபைக்கு வா, பரிசு தர்றேன்."

"ஐயோ சாமி, இங்கேயே குடுத்துடுங்க," என்றாள் செங்கமலம். "சபையில குடுத்தா, புத்தியோட சேர்த்து அதையும் வழியிலேயே தொலைச்சிடுவார்."