செல்லுமா, செல்லாதா?

ஏரிக்கரை வளை ஒன்றில் ஓர் எறும்புதின்னி தன் குட்டியோடு வாழ்ந்து வந்தது. கறையான் புற்றைக் கண்டுபிடிப்பதில் அதை அடித்துக்கொள்ள அந்தக் காட்டில் ஆள் கிடையாது. மற்ற விஷயங்களில் கொஞ்சம் மந்தம். அது போகட்டும், மந்தம் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான் அதைவிடப் பெரிது!

போன மழையில் ஏரி பெருகி, வளைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. மூத்த குட்டியை எறும்புதின்னியால் காப்பாற்ற முடியவில்லை. அடுத்த மழைக்குள் மேட்டில் ஓர் இடம் பிடித்தே ஆகவேண்டும் என்று தாய் மனம் துடித்தது. மேட்டுப் பாறைக்கு அடியில் முள்ளம்பன்றியின் பொந்து ஒன்று சும்மாதான் கிடந்தது. ஆனால் முள்ளம்பன்றி காசைக் கண்ணால் பார்க்காமல் எதையும் தராது.

ஒரு நாள் புற்றைத் தோண்டும்போது நகத்தில் ஒரு மண் கலயம் தட்டுப்பட்டது. உள்ளே கறுத்துப்போன வெள்ளிக் காசுகள்! ஒவ்வொன்றிலும் மீசை வைத்த ராஜா ஒருவரின் தலை. எறும்புதின்னி கலயத்தைக் கட்டிக்கொண்டு மேட்டுக்கு ஓடியது.

முள்ளம்பன்றி ஒரு காசை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"பழங்காசா இருக்கே! இது செல்லுமா, செல்லாதா? தெரிஞ்சுக்கிட்டு வாம்மா. செல்லும்னா பொந்து உனக்குத்தான்!"

காசு எப்படிச் செல்லும்? அதற்குக் காலா இருக்கிறது? 'செல்லுமான்னா என்னங்க?' என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. கேட்டால் சிரிப்பாரே! "சரிங்கண்ணே, தெரிஞ்சுக்கிட்டு வரேன்" என்று பெரிதாகத் தலையாட்டிவிட்டுத் திரும்பியது.

வழியில் ஒரு குரங்கு. சந்தைக் கூரையிலேயே பிறந்து வளர்ந்தது. அது காசை வாங்கிக் கடித்துப் பார்த்தது. பாறையில் சுண்டிக் காதைத் தீட்டிக்கொண்டு ஓசையைக் கேட்டது.

"அக்கா, இந்த ராஜா செத்து எத்தனையோ காலமாச்சு. காசாக் கொடுத்தா செல்லாது. ஆனா நல்ல விலைக்குப் போகும்!"

"செல்லாது... ஆனா போகுமா?"

"ஆமா! செல்லாது, ஆனா போகும்! இதுகூடப் புரியலையா?"

"ஏன் புரியாம? நல்லாப் புரியுது!" என்றது எறும்புதின்னி. ஒரு மண்ணும் புரியவில்லை. செல்லாதது எப்படிப் போகும்? போவது ஏன் செல்லாது? தலை கிறுகிறுத்தது. மரத்தடியில் உட்கார்ந்து கலயத்தையே முறைத்துக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் புதரிலிருந்து ஒரு கீரி கேட்டுக்கொண்டிருந்தது. மெல்ல வெளியே வந்தது.

"என்னக்கா குழப்பம்? செல்றதுன்னா போறது. காசு செல்லுதா இல்லையான்னு உருட்டிப் பார்த்தாத் தெரிஞ்சிடப் போகுது! நீங்க சரிவுல மேல நில்லுங்க. நான் கீழ நின்னு பார்த்துச் சொல்றேன்."

அடடா, இவ்வளவுதானா! எறும்புதின்னிக்குப் போன உயிர் வந்தது. சரிவின் மேலே நின்று முதல் காசை உருட்டியது. அது ஒரு கல்லில் இடித்துப் பொத்தென்று விழுந்தது.

"ஐயோ! செல்லலையே!"

"கொஞ்சம் வேகமா விடுங்கக்கா!"

அடுத்த காசு குடுகுடுவென்று ஓடியது.

"செல்லுது! செல்லுது! அடுத்தது விடுங்க!"

காசு காசாகக் கலயம் முழுவதும் காலியாயிற்று. "எல்லாமே செல்லுது!" என்று கீழேயிருந்து கடைசியாக ஒரு குரல் வந்தது. எறும்புதின்னி சந்தோஷத்தில் உருண்டு புரண்டு இறங்கியது. கீழே காசும் இல்லை, கீரியும் இல்லை. முதலில் விழுந்த காசைக்கூடக் காணோம். இவ்வளவு தூரமா சென்றுவிட்டது, நல்ல காசுதான் என்று நினைத்துக்கொண்டே பொழுது சாயும்வரை புதர் புதராகத் தேடியது. பிறகு இருட்டுவதற்குள் சேதி சொல்லிவிடலாம் என்று மேட்டுக்கு ஓடியது.

"அண்ணே! உருட்டிப் பார்த்தேன். எல்லாக் காசும் செல்லுது!"

முள்ளம்பன்றி விழித்தது. "உருட்டிப் பார்த்தியா? என்னம்மா உளர்றே? கிழங்குக் கடையில வாங்கிப்பாங்களான்னுதானே கேட்டேன்! ஒரு கீரி இதே காசை நேரா கரடியோட கிழங்குக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கு. காசாச் செல்லாது, வெள்ளியை எடை போட்டுக் கிழங்கு தர்றேன்னு கரடி சொல்லிடுச்சு. எனக்கு அது போதும். இப்பத்தான் கீரி காசை எண்ணி வெச்சுட்டுப் பொந்தை வாங்கிக்கிச்சு."

"அது என் காசு, அண்ணே!"

"கொண்டுவந்து வெச்சவனுக்குத்தான் கொடுத்தேன். செல்லுமான்னா என்னன்னு என்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா!"

எறும்புதின்னி திரும்பிப் பார்த்தது. பொந்து வாசலில் கீரி சொகுசாகப் படுத்திருந்தது. மழையின் முதல் தூறல் விழுந்தது. எறும்புதின்னி ஏரிக்கரைக்கு ஓடிப்போய்க் குட்டியை வால் மேல் ஏற்றிக்கொண்டு, அந்த மழையிலேயே வேறு மேடு தேடிப் புறப்பட்டது.

புரியாத சொல்லுக்கு அர்த்தம் கேட்க வெட்கப்பட்டால், கையில் இருக்கும் பொருளும் கைவிட்டுப் போகும்.