ஆள்காட்டி ஏன் எல்லாவற்றுக்கும் கத்துகிறது

அந்தக் காலத்தில் பறவைக்கும் விலங்குக்கும் பேச்சு இருந்தது. பேச்சு இருந்ததால் சண்டையும் இருந்தது. நெடுவாய் ஏரியைச் சுற்றி வாழ்ந்த உயிர்கள் எந்த வேலையானாலும் எல்லோருமாகப் போய் நின்று, எல்லோருமாகக் கத்தி, ஒன்றும் செய்யாமல் திரும்பி வந்துகொண்டிருந்தன. ஒரு கோடையில் மதகை மூட யாருக்கும் நினைவில்லாமல் ஏரித் தண்ணீர் முழுக்க வீணாக வடிந்துபோனது. அதற்குப் பிறகுதான் அங்கே ஆட்சி செய்த கிழட்டுப் பெண் யானை எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, வேலைகளைத் துறை துறையாகப் பிரித்துக் கொடுத்தது.

ஏரித் தண்ணீரும் மதகும் நீர்நாயின் பொறுப்பு. கரையும் மண்ணும் கறையான் கூட்டத்தின் பொறுப்பு. அவர்களுக்கு ஒரு மேஸ்திரி இருந்தது. மழை வருவதை முன்கூட்டிச் சொல்வது தவளையின் வேலை. காவல் ஆள்காட்டிப் பறவைக்கு வந்தது. காலால் நடந்து எது வந்தாலும், அது சிறுத்தையானாலும் வேடனானாலும், உயரத்திலிருந்து பார்த்துக் கத்த வேண்டும். அந்தக் கத்தல் கேட்டால் யாரும் நின்று காரணம் கேட்கக் கூடாது. குட்டிகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடிவிட வேண்டும்.

நல்ல ஏற்பாடுதான். குறை சொல்வதற்கில்லை. நெடுநாள் அது நன்றாகவே நடந்தது.

ஆள்காட்டி அப்போது மருத மரத்தின் உச்சிக் கிளையில் கூடு கட்டிக் குடியிருந்தது. அதன் தோழி ஒரு முயல். கரைக்குக் கீழே இருந்த புல்வெளியில் ஒரு சின்னப் பள்ளத்தில் குட்டிகளை விட்டுவிட்டு முயல் தூரம் தூரமாக மேயப் போகும். "மேல அக்கா இருக்கு, எனக்கென்ன பயம்?" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லும். ஆள்காட்டிக்கு அது பெருமையாக இருக்கும்.

ஒரு நாள் கிழக்கே கருமேகம் திரண்டதைப் பார்த்து ஆள்காட்டி கத்திவிட்டது. எல்லோரும் அடித்துப் பிடித்து மேட்டுக்கு ஓடினார்கள். மேகம் நாலு துளி போட்டுவிட்டுப் போய்விட்டது. தவளைக்கு வந்ததே கோபம்! நேராக யானையிடம் போய் நின்றது.

"மழை என் துறை ஆத்தா. அதையும் இவளே சொல்லிக்கிட்டா அப்புறம் நான் எதுக்கு?"

யானை ஆள்காட்டியை வரவழைத்தது. அத்தனை பேர் முன்னாலும் சொன்னது. "காலால நடந்து வர்றது மட்டும்தான் உன் பொறுப்பு. மத்ததுக்கெல்லாம் வாயத் திறக்காதே. உன் வேலைய மட்டும் பாரு."

யாரோ பின்னாலிருந்து சிரித்தார்கள். ஆள்காட்டி தலையைக் குனிந்துகொண்டு பறந்து போனது. யானை சொன்னதை அது மறந்திருக்கும். அந்தச் சிரிப்பை மறக்க முடியவில்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்து ஏரி கடல் மாதிரி நிறைந்தது. மழை ஓய்ந்த ஒரு காலையில் ஆள்காட்டி கரைமேல் வந்து உட்கார்ந்தது. கரையின் வெளிப்பக்கம், அடிவாரத்தில், பழைய நண்டு வளை ஒன்றிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. நிறைந்த ஏரி கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிவு தெளிவாக இருந்தால் பயமில்லை. ஆனால் இது செம்மண் கரைந்து கலங்கலாக வந்தது. அப்படியென்றால் கரை உள்ளுக்குள்ளேயே கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஏரி ஓரத்தில் பிறந்த எல்லோருக்கும் அது தெரியும்.

ஆள்காட்டி நீர்நாயிடம் பறந்தது. நீர்நாய் மதகடியில் மும்முரமாக இருந்தது.

"அண்ணே, கரைக்குக் கீழ கலங்கலா கசியுது. வந்து பாருங்க."

"மதகு வழியாப் போனா அது என் தண்ணி, தாயி. கரைக்குள்ள பூந்துட்டா அது மண்ணு சமாசாரம். நான் கை வெச்சா மேஸ்திரி கோவிச்சுக்கும். அங்க போய்ச் சொல்லு."

கறையான் மேஸ்திரி பொறுமையாகக் கேட்டது. நல்ல வேலைக்காரன்தான், சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது.

"காஞ்ச மண்ணுன்னா இந்த நிமிஷமே ஆளை இறக்கிடுவேன். ஊறின மண்ணுல எங்க பூச்சு நிக்காதும்மா. நீர்நாய் ஏரியக் கொஞ்சம் இறக்கித் தரட்டும், உடனே அடைச்சிடறோம்."

ஆள்காட்டி மறுபடி மதகுக்குப் பறந்தது. நீர்நாய் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தது.

"நிறைஞ்ச ஏரிய இறக்கணும்னா ஆத்தா உத்தரவு வேணும். கோடைக்குத் தண்ணி பத்தலைன்னா என்னையில்ல கேப்பாங்க? ஆத்தா மேற்கு மலைக்குப் போயிருக்கு. வரட்டும், பேசிக்கலாம்."

யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் தப்பான வார்த்தைகூடப் பேசவில்லை. நினைத்தால் வயிறு எரிவது அதனால்தான்.

ஆள்காட்டி மருத மரத்துக்குத் திரும்பியது. கீழே புல்வெளியில் முயல் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விளையாடிக்கொண்டிருந்தன. முயல் மேயக் கிளம்பியது. போகிற போக்கில் மரத்தடியில் நின்று மேலே பார்த்தது.

"என்னக்கா, அங்கயும் இங்கயும் பறந்துக்கிட்டே இருக்கே? ஏதாவது இருக்கா?"

இப்போது ஒரு கத்து கத்தினால் போதும். குட்டிகள், நண்டுகள், எலிகள், கீரிகள் எல்லாம் ஏனென்று கேட்காமல் மேட்டுக்கு ஓடியிருக்கும். ஆள்காட்டி அலகைத் திறந்தது. கரை உடையாமல் போய்விட்டால்? மறுபடி எல்லோரும் கூடுவார்கள். மறுபடி அந்தச் சிரிப்பு கேட்கும். கசிவுக்குக் கால் இருக்கிறதா? சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லியாகிவிட்டது. அதற்குமேல் தன் வேலை இல்லை.

ஆள்காட்டி அலகை மூடிக்கொண்டது.

"ஒண்ணுமில்ல தங்கச்சி. நீ போய்ட்டு வா."

வெயில் உச்சிக்கு வந்தபோது கரை உடைந்தது. உடையும்போது பெரிய சத்தம்கூட இல்லை. நண்டு வளை இருந்த இடம் உள்வாங்கியது, அதன்மேல் கரை உட்கார்ந்தது, ஏரி அந்த வழியாக வெளியே நடந்தது. அப்போது ஆள்காட்டி தொண்டை கிழியக் கத்தியது. ஓடுவதற்கு நேரம் இருந்தவர்கள் ஓடினார்கள். புல்வெளியில் இருந்த சின்ன உயிர்களுக்கு அந்த நேரம் இல்லை. மருத மரத்தின் உச்சியில் ஆள்காட்டியின் முட்டைகள் மட்டும் நனையாமல் இருந்தன.

யானை செய்தி கேட்டு ஓடி வந்தது. வண்டல் படிந்த புல்வெளியில் எல்லோரையும் கூட்டியது. நீர்நாயைக் கேட்டது. மதகு பத்திரமாக இருப்பதாக நீர்நாய் சொன்னது. மேஸ்திரியைக் கேட்டது. ஊறிய மண்ணில் தன் ஆட்கள் வேலை செய்ய முடியாததை மேஸ்திரி விளக்கியது. மழை எப்போது தொடங்கும், எப்போது ஓயும் என்று சரியாகச் சொல்லிவிட்டதாகத் தவளை சொன்னது. அவரவர் துறையில் ஒரு குறையும் இல்லை.

அப்போது முயல் எழுந்தது. அது யானையைப் பார்க்கவில்லை.

"அக்கா, நீ முன்னாலயே பாத்தியா?"

"பாத்தேன்," என்றது ஆள்காட்டி.

"நீ கத்தலையே. நீ கத்தலைன்னதும் ஒண்ணும் இல்லைன்னு நம்பிப் போனேன்."

முயல் தன் பள்ளம் இருந்த பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டது. அன்று சிரித்தவர்களும் அங்கேதான் இருந்தார்கள்.

யானை வாய் திறந்தது. அதன் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

"அவள வாயத் திறக்காதேன்னு சொன்னது நான். எல்லை போட்டதும் நான். இது உன்னது, அது அவனதுன்னு பிரிச்சேன். ரெண்டு எல்லைக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கே, அதை யாருக்கும் கொடுக்காம விட்டுட்டேன். கரை அங்கதான் உடைஞ்சுது."

"அந்த இடத்த எனக்குக் குடு ஆத்தா," என்றது ஆள்காட்டி. "யாரு வேலைன்னு தெரியாதது எல்லாம் என் வேலையா இருக்கட்டும்."

நீர்நாய் மெல்ல முணுமுணுத்தது. "அப்படி விட்டா காத்தடிச்சாக்கூடக் கத்துவாளே ஆத்தா."

"கத்தட்டும். திட்டிக்கிட்டே ஓடுங்க. ஆனா ஓடுங்க," என்றது யானை. பிறகு நீர்நாயையும் மேஸ்திரியையும் பார்த்து, "அவ கத்தினா முதல்ல போய் நில்லுங்க. யாரு துறைங்கறத அப்புறமா பேசிக்கலாம்," என்றது.

ஆள்காட்டி இன்னும் போகாமல் நின்றது. "இன்னொண்ணு இருக்கு ஆத்தா. என் முட்டை உசரத்துல இருந்துச்சு. அதனாலதான் என்னால வாய மூடிக்கிட்டு இருக்க முடிஞ்சுது. இனிமே நான் மரத்துல குடியிருக்க மாட்டேன்."

சொன்னபடியே அடுத்த பருவத்தில் அது கரைக்குக் கீழே, சரளைக் கல்லுக்கு நடுவே, கூரையோ வேலியோ இல்லாமல் வெறுந்தரையில் முட்டையிட்டது. அந்த இடத்திலிருந்து பார்த்தால் புல்வெளியில் முயலின் பள்ளம் தெரியும். முயல் திரும்ப அங்கே குடிவர நெடுநாள் ஆனது. ஆனால் வந்தது.

அன்று முதல்தான் ஆள்காட்டி மரத்தை மறந்து தரையில் முட்டையிடுகிறது. மாடு வந்தாலும், நாய் வந்தாலும், வழிதவறிய மனிதர் வந்தாலும், ஒன்றுமே வராமல் காற்று மட்டும் வந்தாலும் தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்துகிறது. ஏரிக்கரையில் நடக்கும் நாம் "இதுக்கு வேற வேலையே இல்லையா?" என்று எரிச்சல்படுகிறோம். நமக்குத் தெரியாமல் பக்கத்துப் புல்லில் ஒரு முயல், ஏனென்று ஒரு வார்த்தை கேட்காமல், குட்டிகளை எழுப்பிக்கொண்டு மேட்டுக்கு ஓடுகிறது.