சன்னல் பக்கத்து இடம்

தொண்ணூற்றாறில் பந்தை விட்டுட்டேன். மறுபடியும்.

"போச்சுடோய்!" என்று பின்னால் நின்ற பொடிசுகள் குதித்தார்கள்.

ஆட்டம் ஒன்றும் கஷ்டமில்லை. பந்தைச் சுவரில் எறியணும். அது திரும்பி வருவதற்குள் ஒரு தடவை கை தட்டிவிட்டுப் பிடிக்கணும். விடாமல் நூறு பிடித்தால் சுவரில் கரியால் பெயர் எழுதிக்கலாம்.

பள்ளிக்கூடத்துப் பின்சுவரில் பதினொரு பெயர்கள் இருந்தன. பத்து வருஷம் அங்கே படித்தேன். என் பெயர் ஏறவில்லை. படிப்பையே விட்டாச்சு, இன்னும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து எறிகிறேன்.

எல்லாருக்கும் மேலே ஜெசிந்தா. ஐந்தாம் வகுப்பு. முந்நூற்றுப் பன்னிரண்டு. அதிகம் பிடித்தவர்தான் அந்தச் சுவருக்கு வாத்தியார், வயசுக் கணக்கெல்லாம் செல்லாது. அதனால் பதினேழு வயசில் நான் அவள் முன்னால் போய் நின்றேன்.

"வாத்தியாரே, தொண்ணூறு தாண்டினாலே போயிடுது. ஏன்?"

ஜெசிந்தா கடலை மிட்டாயைக் கடித்தாள்.

"கடைசியா எங்கண்ணே பாத்தே?"

"பந்தைத்தான்."

"பொய்."

பொய்தான்.

"சன்னல் பக்கம் பாத்தேன்," என்றேன். "அங்கே எழுதலாம்னு ஒரு இடம் பாத்து வச்சிருக்கேன்."

அவள் குழாயடிக்குப் போய் ஒரு சாக்கை நனைத்து எடுத்து வந்தாள். பொடிசுகளில் பெரியவன் செல்வினைக் குனியச் சொல்லி அவன் முதுகில் ஏறினாள். முதலில் தன் பெயரைத் தேய்த்தாள். அப்புறம் அடுத்ததை. அப்புறம் அதற்கடுத்ததை.

"ஏய், அது எம்பேரு!" குனிந்தபடியே செல்வின் அலறினான்.

"இன்னொரு நூறு பிடி."

பதினொன்றும் போச்சு. சுவர் முழுக்க ஒரே கறுப்புத் தீற்றல். நான் பார்த்து வைத்திருந்த சன்னல் பக்கம்கூடக் கரித்தண்ணீர் வழிந்தது.

"வாத்தியாரே, உன் முந்நூறு..."

"பேசாதண்ணே. எறி."

எறிந்தேன். தட்டினேன். பிடித்தேன். பொடிசுகள்தான் எண்ணினார்கள். நாற்பதில் கத்த ஆரம்பித்தார்கள், எண்பதில் தொண்டை கிழிந்தது. எனக்கு உள்ளங்கை எரிந்தது. சிரிப்பு வேறு வந்தது, ஏன் என்றே தெரியவில்லை.

"தொண்ணூத்தாறு! தொண்ணூத்தேழு!"

சுவரிலிருந்து பந்து வந்துகொண்டே இருந்தது.

"நூறு!"

செல்வின் என் முதுகில் ஓங்கி அடித்தான். ஜெசிந்தா கரித்துண்டை நீட்டினாள்.

"எழுதுண்ணே."

எழுதவில்லை. நூற்றொன்றுக்குப் பந்தை எறிந்துவிட்டிருந்தேன்.