வாரிச்சுருட்டியின் வீரக்கழல்

முன்னொரு காலத்தில் தேனாற்று நாட்டை உக்கிரசேகரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்பது ஒரு மரியாதைக்குத்தான். காலையில் ஓர் உத்தரவு போடுவான். மத்தியானம் அதற்கு நேர் எதிராக இன்னொன்று போடுவான். சாயங்காலம் இரண்டையும் மதிக்கவில்லையென்று நாலு பேரைச் சிறையில் தள்ளுவான். இவனிடம் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தும் கழுத்தின் மேல் தலை நின்றது மந்திரி சாத்தப்பர் ஒருவருக்குத்தான்.

அந்த நாட்டுக்கு உப்பு வர ஒரே வழி கிழக்கே கழுகுக் கணவாய். ஒரு மாட்டுவண்டி நுழைந்தால் இன்னொன்றுக்கு இடமிருக்காது. அந்த இடுக்கில் எங்கிருந்தோ ஒரு மல்லன் வந்து உட்கார்ந்தான். பனைமரத்தைப் பாதியில் வெட்டி நிறுத்தியது போல் உடம்பு. வருகிறவர்களிடம் இருப்பதையெல்லாம் பிடுங்கிக்கொள்வான். உப்பு மூட்டையும் வேண்டும், மூட்டை கட்டிய கயிறும் வேண்டும். ஒரு சாமியாரிடம் ஒன்றுமே இல்லாததால் அவர் தாடியைச் சிரைத்து எடுத்துக்கொண்டான். ஜனங்கள் அவனுக்கு வாரிச்சுருட்டி என்று பேர் வைத்தார்கள்.

இரண்டே மாசத்தில் நாட்டில் உப்பு தீர்ந்தது. ஊறுகாய்ப் பானைகளில் பூசணம் பூத்தது. மாடுகள் சுவரை நக்கின. வெயிலில் உழுதவர்கள் வரப்பிலேயே மயங்கி விழுந்தார்கள். இதெல்லாம் ராஜாவின் காதுக்கு எட்டவில்லை. ஒருநாள் அவனுடைய ரசத்தில் உப்பில்லாமல் போயிற்று. அது எட்டியது.

உடனே சேனாதிபதி ரணபயங்கரன் நாற்பது வீரர்களோடு கிளம்பினான். போனபோது குதிரை, கவசம், வாள். எட்டாம் நாள் நடந்து திரும்பியபோது இடுப்பில் வாழைச்சருகு.

"மகாராஜா, அங்கே ஆயிரம் பேர்!" என்றான் சேனாதிபதி. "எண்ணூறு பேரை நானே முடித்துவிட்டேன். மிச்சத்தை நம் மந்திரியார் முடிக்கட்டுமே. பதினெட்டு வருஷமாகப் புத்தி புத்தி என்று பேர் வாங்குகிறார்."

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. "சாத்தப்பரே, பத்து நாளில் வழி திறக்காவிட்டால் உம் தலை கோட்டை வாசலில் தொங்கும்."

"உத்தரவு மகாராஜா. எந்த வாசல்?"

"ஏன்?"

"தெற்கு வாசல் என்றால் வீட்டுக்காரி வந்து பார்த்துப் போகச் சௌகரியம்."

"சரி, தெற்கு வாசல்."

"ரொம்ப சந்தோஷம்" என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். வந்த பிறகுதான் கழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு, சேனாதிபதியோடு போய்வந்த ஒச்சப்பன் என்ற வீரனைத் தேடிப் போனார்.

"உண்மையைச் சொல்லப்பா. அங்கே எத்தனை பேர்?"

"ஒருத்தன்தான் ஐயா."

"நீங்கள் நாற்பது பேர் இருந்தீர்களே?"

"சேனாதிபதி முதலில் கழற்றிக் கொடுத்தார். அவரை மீறி நாங்கள் சண்டை போட்டால் மரியாதையாக இருக்குமா ஐயா?"

"அதுவும் சரிதான். அவன் எப்போது தூங்குவான்?"

"தூங்குவதே இல்லை. யாராவது திருடிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பொருளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கண் ரெண்டும் கோவைப்பழம்."

சாத்தப்பர் அங்கிருந்து நேரே தட்டாரிடம் போனார்.

ஆறாம் நாள் தனியாளாகக் கணவாயில் போய் நின்றார். கையில் ஒரு பட்டு மூட்டை. வாரிச்சுருட்டி, பிடுங்கிய சாமான் குவியலின் உச்சியில், தொந்தியில் பொருந்தாத சேனாதிபதியின் கவசத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"கிழவா, மூட்டையை வை!"

"இது மகாவீரன் ஒருவனுக்குப் போகிற சாமான், தம்பி. உனக்கில்லை."

அவ்வளவுதான். ஒரே பாய்ச்சலில் பிடுங்கிப் பிரித்தான். உள்ளே காலில் போட, பொன்னாக மின்னும் இரண்டு வீரக்கழல்கள், அதே ஜோடியில் இரண்டு கைக்காப்புகள்.

"இதென்ன, நடுவில் சங்கிலி?"

"தனித்தனியாக இருந்தால் ஒன்றை உருவிக்கொண்டு ஓடிவிடுவார்களே. போட்டு அழுத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். அப்புறம் எந்தத் திருடனாலும் கழற்ற முடியாது. நிம்மதியாகத் தூங்கலாம்."

"தூங்கலாமா?" என்றான் வாரிச்சுருட்டி. குரல் சட்டென்று சின்னதாகிவிட்டது.

காலில் மாட்டினான். டக். கையில் மாட்டினான். டக். மேலேதான் பொன் முலாம், உள்ளே அரை விரல் கனத்துக்கு இரும்பு. அது அவனுக்குத் தெரியாது. அப்படியே சாய்ந்தவன் முழுசாக ஒருநாள் குறட்டை விட்டான். உப்பு வண்டிகள் அவன் தலைமாட்டில் வரிசையாகக் கடந்து போயின. சாத்தப்பருக்கு அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. எழுப்பாமல் பக்கத்தில் காத்திருந்தார்.

விழித்ததும் எழுந்து ஓடப் பார்த்துக் குப்புற விழுந்தான். "சாவி எங்கே?"

"ராஜாவிடம். வாயேன், கேட்டுப் பார்ப்போம்."

பத்தாம் நாள் மத்தியானம், அடிமேல் அடி வைத்து அவன் அரசவைக்குள் வந்தான். சேனாதிபதி முந்திக்கொண்டான். "சங்கிலியில் கிடப்பவனை யார் வேண்டுமானாலும் இழுத்து வரலாம்! இது ஒரு வீரமா?"

"அது இருக்கட்டும். உன் கவசம் ஏன் அவன் மேல் இருக்கிறது?" என்றான் ராஜா.

"அது... அந்த எண்ணூறு பேரில் ஒருவன்..."

"எண்ணூறா?" என்றான் வாரிச்சுருட்டி. "நான் ஒருத்தன்தானே இருந்தேன்? இந்த ஆள் நான் கேட்பதற்கு முன்னாலேயே கழற்றிவிட்டார். மடித்தும் கொடுத்தார்."

ராஜாதான் முதலில் சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டான். பிறகு வாரிச்சுருட்டியைப் பார்த்து, "இவன் தலையை வெட்டுங்கள்" என்றான்.

"வெட்டுங்கள்" என்றான் வாரிச்சுருட்டி. "கணவாய்க்கு வடக்கே ஆறு மலை, மலைக்கு ஒருவராக என்னைப் போல் இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் இளைத்தவன் நான்தான். அடுத்த மலைக்காரி அடித்து விரட்டித்தான் இங்கே வந்து உட்கார்ந்தேன்."

ராஜா சிம்மாசனத்திலிருந்து துள்ளி எழுந்தான். "இன்னும் ஆறு பேரா! ஒருவர் விடாமல் பிடிக்கவேண்டும்! இவனை வெட்டாதீர்கள்! சாத்தப்பரே, நாளைக்கே கிளம்பும். என்ன வேண்டுமோ கேளும்."

மந்திரி மறுபடியும் கழுத்தைத் தடவிக்கொண்டார். "வழி தெரிந்த இவன் வேண்டும் மகாராஜா. மூட்டை சுமக்கவும் இவன்தான் சரி, கையில் கொடுத்ததை இவன் எங்கும் விட்டுவிட்டு வரமாட்டான்."

"கூட்டிக்கொண்டு போம். ரணபயங்கரனும் வருவான், உமக்குக் குடை பிடிக்க."

மறுநாள் வாரிச்சுருட்டியின் கால் பூட்டை மட்டும் திறந்துவிட்டு மூவரும் கிளம்பினார்கள். கணவாய் தாண்டி வடக்கே திரும்பியதும், குடையோடு பின்னால் வந்த சேனாதிபதி மெதுவாக வாரிச்சுருட்டியின் பக்கம் ஒதுங்கினான்.

"ஏனப்பா, அந்த மலைக்காரி... ரொம்ப அடிப்பாளோ?"

வாரிச்சுருட்டி அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"அடிப்பாள். கழற்றிக் கொடுத்தாலும் அடிப்பாள்."