மகாராஜா பேசிய ஸ்பானிஷ்

மணற்கரை சமஸ்தானத்து ராஜாவுக்கு இங்கிலீஷ் கற்றதிலிருந்து கால் தரையில் பாவவில்லை. ஒருநாள் விருந்துக்கு வந்த ஸ்பெயின் கப்பல் தலைவன் கண்ணாடிக் கோப்பையைக் கீழே போட்டுவிட்டு ஏதோ சொன்னான். துபாஷி செவந்தி அதை அப்படியே மொழிபெயர்த்தாள்: “கோப்பை என் கையிலிருந்து விழுந்துவிட்டது என்கிறார், மகாராஜா.”

ராஜா உதட்டைப் பிதுக்கினார். “இங்கிலீஷ்காரன் என்றால் ‘நான் போட்டு உடைத்தேன்’ என்று ஆளை முன்னால் நிறுத்துவான். இந்தப் பாஷையில் ஆள் நழுவிவிடுகிறான். இதனால் ஒரு பிரயோஜனம் உண்டென்று நாளைக்குள் காட்டு. இல்லாவிட்டால் உன் வேலை போச்சு.”

செவந்தி நேரே அந்தப்புரம் போய் ராணியிடம் ஏதோ பேசிவிட்டு வந்தாள்.

மறுநாள் சபையில் ராஜா வழக்கம்போலப் பிரம்பைச் சுழற்றிக்கொண்டு இங்கிலீஷின் பெருமையை அளந்துகொண்டிருந்தார். பிரம்பு பட்டு, பக்கத்து மேடையில் இருந்த நீலச் சாடி சுக்குநூறானது. ராணியின் தாய்வீட்டுச் சீதனத்தை உடைத்துவிட்டோமே என்று அவருக்கு வியர்த்துக் கொட்டியது. அதற்குள் ராணியே வந்து நின்றாள்.

“என்ன இது?”

ராஜா பிரம்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். “சாடி விழுந்து உடைந்துவிட்டது.”

செவந்தி பணிவாகக் குனிந்தாள். “மகாராஜா இப்போது சொன்னது ஸ்பெயின்காரர் வழக்கம். ராணியம்மாவுக்கு இதையே இங்கிலீஷ் முறையில் சொல்லட்டுமா?”

“வேண்டாம், வேண்டாம்,” என்றார் ராஜா. “ஸ்பானிஷே இருக்கட்டும். நல்ல பாஷை.”

ராணி சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். உடைந்தது சந்தையில் வாங்கிய சாடி. சீதனச் சாடி அவள் கட்டிலடியில் பத்திரமாக இருந்தது.