முழிக்கத் தாமதித்த வண்டி

டீசல் வண்டிகளோடு மல்லுக்கட்டியே தலை நரைத்தவர் இன்னாசி. கரண்டு வண்டி வேலையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மலையடிவாரத்தில் இருக்கிற தவமணியின் ஷெட்டில் வந்து சேர்ந்திருந்தார். தவமணிக்கு அவருடைய மூத்த மகள் வயசுதான். ஆனாலும் அவர் அவளை வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை அண்ணே என்பாள். புதிதாக வருகிறவர்கள், இதில் குரு யார் சிஷ்யன் யார் என்று குழம்பிப்போவார்கள்.

அன்றைக்குக் காலையில் தெய்வானை தன் பழைய கரண்டு காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். மலைமேல் இருக்கிற பிள்ளைத்தாய்ச்சிகளை அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்து, திரும்பக் கொண்டுபோய் விடுகிறவள் அவள். அந்த ஊர்களுக்கு வேறு வண்டி கிடையாது.

தவமணி ஒரு வேலையாக வெளியே போயிருந்தாள். இன்னாசிதான் பார்த்தார்.

சாவியைத் திருப்பினார். எதிரே இருந்த திரை கறுப்பாகவே கிடந்தது. ஒரு வாய் வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம் கழித்து, சோம்பல் முறிக்கிற மாதிரி மெதுவாக வெளிச்சம் வந்தது.

"எப்பவும் இப்படித்தானா?"

"கொஞ்ச நாளாத்தான் அண்ணே. முன்னெல்லாம் கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துடும். இப்போ ஓட்டமும் இல்ல. பாதி மலையில நின்னுடுமோன்னு பயமா இருக்கு."

இன்னாசி உதட்டைப் பிதுக்கினார். "பெரிய பேட்டரி போயிடுச்சு தாயி. அதை மாத்தறதுக்கு வண்டியையே மாத்தலாம். வந்த விலைக்குத் தள்ளிவிடு."

தெய்வானை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெளியே போய், பழைய இரும்பு எடுக்கிற ஆளுக்குப் போன் போட்டாள். அவன் சாயங்காலம் வருகிறேன் என்றான்.

மத்தியானம் தவமணி வந்தாள். நடந்ததைக் கேட்டாள்.

"எதை வச்சுண்ணே சொன்னீங்க?"

"திரை முழிக்க மாட்டேங்குது. போற தூரமும் குறைஞ்சுபோச்சு. ரெண்டும் சேர்ந்து வந்திருக்கு. வேற என்ன, வாத்தியாரம்மா?"

"ரெண்டு பேரு ஒரே பஸ்ஸுல வந்து இறங்கினா புருசன் பொண்டாட்டின்னு சொல்லிடுவீங்களா?"

அழுது சிவந்த கண்ணோடு நின்ற தெய்வானைக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தவமணி வண்டியை அணைத்துக் கதவைச் சாத்தினாள். "எல்லாத்தையும் அணைச்சாச்சு. இப்போ உள்ளே எது முழிச்சிருக்குன்னு பாருங்க."

இன்னாசி கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். திரை இருட்டு. விளக்கெல்லாம் இருட்டு. ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில் இருந்த முருகன் படத்தைச் சுற்றிச் சிவப்பும் பச்சையுமாகச் சின்ன பல்புகள் ஓடிக்கொண்டிருந்தன.

"முருகன் மட்டும்தான்."

"அதை யாரு கட்டினது?"

தெய்வானை தாடையால் இன்னாசியைக் காட்டினாள். "ஆயுத பூசைக்கு அண்ணன் கட்டிக் குடுத்தாரு. சாமி விளக்கு அணையக் கூடாதே, அதனால நேரா பேட்டரியிலயே குடுக்கச் சொன்னேன்."

திரையை எழுப்புவது முன்பக்கத்துச் சின்ன பேட்டரி. சக்கரத்தைச் சுழற்றுகிற பெரிய பேட்டரி வேறு. இது இன்னாசிக்கும் தெரிந்த சங்கதிதான். தவமணி சின்ன பேட்டரியில் மீட்டரை வைத்துக் காட்டினாள். ராவும் பகலும் பல்பு உறிஞ்சி, அது கோடைக் கிணறாகக் கிடந்தது. இன்னாசி தலையைச் சொறிந்தார்.

புதுசு ஒன்றை மாட்டினார்கள். பல்பு ஒயரை, சாவி போட்டால் மட்டும் எரிகிற மாதிரி மாற்றிக் கொடுத்தாள் தவமணி.

"ராத்திரி அணைஞ்சா தப்பில்லையாக்கா?"

"கோயில்லயே பள்ளியறை பூசை முடிஞ்சா சாமியைத் தூங்க வைக்கறாங்க. உன் முருகன் மட்டும் விடிய விடிய முழிச்சிருக்கணுமா?"

தெய்வானை யோசித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

தவமணி டயரைக் காலால் எத்தினாள். மெத்தை மாதிரி அமுங்கியது. "காத்து எங்கே போச்சு?"

"நான்தான்க்கா இறக்கி வச்சிருக்கேன். மாசமா இருக்கற பொண்ணுங்க ஏறுது. குலுங்கக் கூடாதில்ல?"

இன்னாசி அவளைத் திட்ட வாயைத் திறந்தார். தவமணி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"நீ மெதுவா ஓட்டினாலே குலுங்காதும்மா. காத்து இல்லாத வண்டி சேத்துல நடக்கற ஆள் மாதிரி. பாதி பலம் காலைத் தூக்கவே போயிடும்."

பின்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். இன்னாசி கையால் சுழற்றினார். அரைச் சுற்றுகூட வராமல் நின்றது. மழைச்சேறு ஏறி, துருப்பிடித்து, பிரேக் சக்கரத்தை விடாமல் கவ்விக்கொண்டிருந்தது. அவர் உட்கார்ந்து, பிரித்து, தேய்த்து, மறுபடியும் பூட்டினார். இந்தத் தடவை தட்டிவிட்டதும் சக்கரம் ராட்டினமாகச் சுற்றியது. நிற்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதற்குள் பழைய இரும்புக்காரன் வந்து ஆரன் அடித்தான்.

"கொஞ்சம் இருப்பா. மலை ஏறி இறங்கிட்டு வந்து சொல்றோம்" என்றாள் தவமணி.

தெய்வானை சாவியைத் திருப்பினாள். கை எடுக்கும் முன்னே திரை பளிச்சென்று வந்தது. ஆனால் அதில் காட்டின, இன்னும் ஓடக்கூடிய தூரம் பழையபடி குறைவாகத்தான் இருந்தது.

பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்த இன்னாசி, "அதேதான் காட்டுது, வாத்தியாரம்மா" என்றார்.

"அது நேத்து ஓடின ஓட்டத்தை வச்சுக் கணக்குச் சொல்லுது. இன்னிக்கு ஓட்டத்தை அது இன்னும் பாக்கல. நீ ஓட்டும்மா."

ஓட்டினாள். வளைவுக்கு மேல் வளைவு. போன வாரம் வண்டி திணறின இடம் வந்தது, போனது. உச்சியில் இருக்கிற ஊரில் நிறுத்தியதும், நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி ஓடாத குறையாக வந்தாள்.

"வண்டி போச்சுன்னாங்களே. நாளைக்கு வருவியாக்கா?"

"குளிச்சுட்டு ரெடியா இரு. வெயிலுக்கு முந்தி வந்துடுவேன்."

இறங்கும்போதுதான் இன்னாசி அதைப் பார்த்தார். ஒவ்வொரு வளைவு தாண்டத் தாண்டத் திரையில் தூரம் கூடிக்கொண்டே வந்தது. இறக்கத்தில் உருளுகிற சக்கரம் பேட்டரிக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அத்தனை வருஷ டீசல் வாழ்க்கையில், ஓடுகிற வண்டியில் எண்ணெய் முள் மேலே ஏறி அவர் கண்டதில்லை. தெய்வானை தேவைக்கு மேலேயே ஆரன் அடித்துக்கொண்டு இறங்கினாள்.

இரும்புக்காரன் அவள் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டான். "சரி, ஒரு டீயாவது வாங்கிக் குடு தாயி." அவளும் சிரித்துக்கொண்டே கடைக்குக் கூட்டிப்போனாள்.

இன்னாசி கையைத் துடைத்தபடி வந்து நின்றார்.

"வாத்தியாரம்மா, பெரிய பேட்டரி நல்லா இருக்குன்னு உங்களுக்கு எப்படி முன்னாலயே தெரிஞ்சுது?"

"தெரியாதே அண்ணே. அதுக்கும் வயசாயிடுச்சு. நாடி பிடிச்சுப் பாக்கறதுக்கு முந்தி இழவு சொல்லி ஆள் அனுப்பக் கூடாதுங்கறது மட்டும்தான் தெரியும்."