புதுப் பலகையில் விழுந்த பள்ளங்கள்

குணவதி கேட்க நினைத்தது ஒரே ஒரு கேள்விதான். அதை வாய்விட்டுக் கேட்க அவளுக்கு ஆறு நாள் பிடித்தது.

கேட்க வேண்டிய ஆள் தூரத்தில் இல்லை. அவளுடைய நாத்தனார் நிரோஷாதான். பனைமேட்டுக்குப்பத்துக் கரையில் கொட்டாய் போட்டு அலைச்சறுக்கு சொல்லித் தருகிறவள். குணவதியைவிட எட்டு வயது சின்னவள். கரையில் நிற்கும்போது, "அடியே நிரோஷா, சோறு ஆறுது வாடி" என்பாள் குணவதி. தண்ணீரில் இறங்கிவிட்டால் "மாஸ்டர்" என்பாள். முதல் நாளே நிரோஷா அப்படிச் சொல்லி வைத்திருந்தாள்.

"அண்ணின்னு கூப்பிட்டா எனக்குத் திட்ட வாய் வராது. தண்ணியில நீ குணவதி. நான் மாஸ்டர்."

"கரைக்கு வந்தா?"

"கரைக்கு வந்தா நீ திட்டு, நான் வாங்கிக்கிறேன்."

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு குணவதி தெருவுக்கு வருவதையே குறைத்துக்கொண்டிருந்தாள். உடம்பு போட்டுவிட்டது. யாராவது எதிரே வந்தால் துப்பட்டாவை இழுத்து வயிற்றை மூடிக்கொள்வாள். அவளைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் கடலில் விட்டவள் நிரோஷா. ஒன்றரை வருஷம், கொட்டாயில் கிடந்த பழைய ஸ்பாஞ்சுப் பலகையில் விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள். காலையில் அந்த ஒரு மணி நேரம் மட்டும்தான் அவள் கை துப்பட்டாவைத் தேடாது.

ஆவணி பிறந்ததும் அவளுக்கென்று ஒரு பைபர் பலகை வந்தது. வெள்ளை வெளேரென்று, முட்டை ஓடு மாதிரி.

"எனக்கெதுக்குடி புதுசு?"

"அடுத்த ஞாயித்துக்கெழம ஏழு பொம்பளைங்க கத்துக்க வராங்க அண்ணி. எல்லாம் நம்ம குப்பத்து அம்மாங்கதான். நான் நின்னா, 'அவ சின்னப் பொண்ணு, ஒல்லி, நிப்பா'ன்றாங்க. நீ நின்னு காட்டினாதான் எறங்குவாங்களாம். நீ இல்லன்னா அவங்க இல்ல."

குணவதி பலகைக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள்.

மூன்றாம் நாள் காலை, பலகையைத் துடைக்கும்போது விரலில் ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. குதிகால் அளவு. தண்ணீர்ச் சொட்டு ஒன்று அதில் உட்கார்ந்திருந்தது. வெயிலின் மாயம் என்று நினைத்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் இரண்டானது. எட்டாம் நாள் பின்பாதியில் நாலு பள்ளம்.

ஒன்றரை வருஷம் அத்தனை பேர் மிதித்த ஸ்பாஞ்சுப் பலகை அப்படியே இருக்கிறது. எட்டே நாள், தான் ஒருத்தி ஏறியதற்கு இது நசுங்கிவிட்டது. வேறென்ன காரணம் இருக்க முடியும்? அவளுக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். அதை அவள் துப்பட்டாவால் மூடி வைத்திருந்தாள்.

குணவதிக்கு பைபர் புதிதல்ல. அவள் புருஷன் போட்டுகளுக்கு ஒட்டுப் போடும் ஷெட் வைத்திருக்கிறான். ரெசின் பசை கலக்குவதிலும், கண்ணாடி நார் மேட் வெட்டிப் படிய வைப்பதிலும் அவனைவிட இவள் கை சுத்தம் என்று குப்பமே சொல்லும். போட்டில் பள்ளம் விழுந்தால் கல்லில் மோதியது என்று அர்த்தம். அன்றைக்கே ஒட்டாவிட்டால் நடுக்கடலில் தண்ணீர் ஏறிவிடும்.

அன்று வியாழக்கிழமை. மத்தியானம், புருஷன் சாப்பிட்டுக் கண் அசந்த நேரம் பார்த்துப் பலகையை ஷெட்டுக்குத் தூக்கிப் போனாள். நாலு பள்ளத்திலும் ரெசினை ஊற்றினாள். மனசு ஆறவில்லை. மேலே மேட் வைத்து ஒட்டினாள். அதற்கு மேலும் ஒன்று. காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தடம் தெரியாமல் மெழுகு பூசிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை கடலில் இறங்கினாள். அலை நல்ல அலைதான். பலகைதான் எழுந்திருக்கவில்லை. வால் பக்கம் தண்ணீருக்குள் உட்கார்ந்துகொண்டது. எழுந்து நிற்கக் கால் வைத்தால் வழக்கமான இடத்தில் ஒரு மேடு. வழுக்கி விழுந்தாள். இரண்டாவது அலையிலும் விழுந்தாள். மூன்றாவதில் பலகை திரும்பி அவள் தோளிலேயே மோதியது.

"குணவதி! பலகைக்கு இன்னா ஆச்சு?" தள்ளியிருந்து நிரோஷா கத்தினாள்.

"ஒண்ணுமில்ல மாஸ்டர்!"

கரையில் மீன் கூடையோடு நின்றிருந்தாள் தனபாக்கியம். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்ன ஏழு பேரில் மூத்தவள். வாய் கொஞ்சம் நீளம்.

"ஏ குணா! பலகை உன்னத் தூக்குதா, நீ பலகையத் தூக்குறியா?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். தனபாக்கியமும் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்று, கொஞ்சம் பயந்த குரலில் சொன்னாள்: "ஒன்றரை வருஷம் கத்துக்கின உனக்கே இந்தக் கதின்னா, நாங்கல்லாம் ஊட்டுல குந்தி மீனு அரியறதே மேலும்மா."

குணவதி பலகையைத் தூக்கிக்கொண்டு நேராகக் கொட்டாய்க்குப் போய், நிரோஷா வந்ததும் அவள் முன்னால் கிடத்தினாள்.

"இத வேற யாருக்காவது குடுத்துடு. ஞாயித்துக்கெழம நான் வரல."

"ஏன்?"

குணவதி துப்பட்டாவை எடுத்து இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். ஆறு நாளாகத் தொண்டையில் நின்றது அப்போதுதான் வெளியே வந்தது.

"என் பாரத்த இது தாங்காதா, நிரோஷா?"

நிரோஷா பலகையின் மேல் கையை ஓட்டினாள். மெழுகுக்கு அடியில் ஒட்டுப் போட்ட விளிம்பு விரலில் பட்டது. அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து வெளியே போனாள். மணலில் ஏற்றி வைத்திருந்த ஒரு பழைய பைபர் போட்டின் பக்கத்தில் நின்று கூப்பிட்டாள்.

"அண்ணி, இந்தப் போட்டுல எங்க அடி பட்டிருக்குன்னு சொல்லு."

"நான் இன்னா கேக்குறேன், நீ இன்னா கேக்குற?"

"சொல்லேன்."

குணவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். விரல் முட்டியால் போட்டைத் தட்டிக்கொண்டே நடந்தாள். கை தானாகப் போனது. பக்கவாட்டில் ஓரிடத்தில் சத்தம் மாறியது. பறங்கிக்காயைத் தட்டியது போல் பொத்தென்றது.

"இங்க. உள்ள விட்டுப்போயிருக்கு. பாக்க நல்லாத்தான் இருக்கும். ஏமாந்துடக் கூடாது."

"அப்ப இது?" போட்டின் உள்ளே, முன் மூலையில் இருந்த ஒரு பள்ளத்தைக் காட்டினாள் நிரோஷா. ஒரு சொம்புத் தண்ணீர் நிற்கும் அளவுப் பள்ளம்.

குணவதி எட்டித் தட்டினாள். கிண் என்றது.

"இது நங்கூரம் வைக்கிற எடம். வச்சு வச்சு அமுங்கியிருக்கு. இது அடி இல்ல. சத்தம் கெட்டியா வருது பாரு."

"ஒட்டுப் போட வேணாமா?"

"எதுக்குடி? வீணா பாரம் ஏத்தறதுக்கா? நல்லா இருக்கிற எடத்துல எவளாவது..."

குணவதியின் கை போட்டின் மேலேயே நின்றுவிட்டது.

ஒரு காக்கை போட்டின் விளிம்பில் வந்து உட்கார்ந்து, ஒன்றும் கிடைக்காமல் பறந்து போனது.

"உன் பலகையத் தட்டிப் பாத்தியா, அண்ணி?"

இல்லை என்று தலையாட்டினாள் குணவதி.

"ஊரான் போட்டுன்னா தட்டிப் பாத்துட்டுதான் கை வைக்கிற. உன்னுதுன்னா தட்டாமலே ஒட்டிட்ட."

ஷெட்டிலிருந்து உப்புத்தாள் எடுத்து வந்தாள் குணவதி. இருவரும் எதிரெதிரே குந்திக்கொண்டு தேய்த்தார்கள். மேட் இரண்டும், பள்ளத்தில் ஊற்றிய ரெசினும் உரிந்து வர நேரம் பிடித்தது. இரண்டு பேர் தலையும் மாவு மில்லிலிருந்து வந்தது போல் வெளுத்துப் போனது.

"நல்லாத்தான் ஒட்டியிருக்க. வர மாட்டேங்குது," என்றாள் நிரோஷா.

"நான் ஒட்டினா அப்படித்தான்," என்றாள் குணவதி. சொன்ன பிறகு தன்னையறியாமல் சிரித்துவிட்டாள்.

ஈரத்துணியால் துடைத்ததும் நாலு பள்ளமும் மறுபடி தெரிந்தன. குணவதி ஒவ்வொன்றாகத் தட்டினாள். கிண். கிண். மூன்றாவதைத் தட்டும்போது காதைக் கீழே கொண்டுபோனாள். கிண். நாலாவதும் அப்படியே.

"வெடிப்பு இல்ல," என்றாள் மெதுவாக. "தண்ணி ஏறல. உள்ள கெட்டியாத்தான் இருக்கு."

"ம்."

"புதுப் பலகை எல்லாத்துலயும் இப்படி விழுமா?"

"ஏறினா விழும்."

நிரோஷா கொட்டாய்ச் சுவரில் சாய்த்திருந்த தன் பலகையைக் கொண்டு வந்து பக்கத்தில் போட்டாள். கால் வழுக்காமலிருக்க மேலே அப்பியிருந்த மெழுகைச் சுரண்டினாள். முன்னாலும் பின்னாலும் குழிப்பணியாரச் சட்டி மாதிரி இருந்தது. தினமும் பார்க்கிற பலகைதான். மெழுகு மூடியிருந்ததால் குணவதி இத்தனை நாள் இதைக் கவனித்ததில்லை.

"நீ அம்பது கிலோகூட இல்லையேடி."

"இல்ல."

குணவதி அந்தக் குழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் இறுக்கியிருந்த துப்பட்டா தளர்ந்து மணலில் கிடந்தது.

"அப்படின்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமே. நான் ஆறு நாளா தூங்கல."

"நீ காட்டலியே அண்ணி. ஒரு வாரம் ஆகட்டும், பள்ளம் விழட்டும், விழுந்ததும் பாக்கலாம்னு நான் காத்துக்கிட்டு இருந்தேன். நீ எங்க நிக்கிறன்னு அதுதான் சொல்லும். நான் படிக்கிறதுக்குள்ள நீ அழிச்சுட்டு வந்து நிக்கிற."

"இன்னா எழுதியிருக்கு அதுல?"

நிரோஷா கட்டை விரலால் ஒவ்வொரு பள்ளமாக அளந்தாள்.

"இது முட்டி. இது பின்னங்கால் குதி. இதுவும் அதேதான். இதுவும். எல்லாப் பாரமும் பின்னாலயே இருக்கு, முன்னால நீ கால ஊணவே இல்ல. கல்யாண வீட்டுல கூப்பிடாத விருந்தாளி வாசப்படியிலயே நிப்பாங்களே, யாராவது ஒரு சொல் சொன்னா உடனே எறங்கிப் போயிடலாம்னு. அந்த மாதிரி நிக்கிற."

குணவதியின் கண் நிறைந்துவிட்டது. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

வெளியே தனபாக்கியத்தின் குரல் கேட்டது. கூடையை யாருடைய தலைக்கோ ஏற்றிவிட்டு, "குணா கொட்டாயிலயா கீறா?" என்று விசாரித்துக்கொண்டு வந்தாள். சிரித்தது அவளுக்கே உறுத்தியிருக்க வேண்டும்.

குணவதி சட்டென்று பலகையின் மேல் கையை விரித்து வைத்து மறைத்தாள். நாலு பள்ளத்தை மறைக்க இரண்டு கை போதவில்லை.

"ஞாயித்துக்கெழம ஏழு பேரும் இதப் பாப்பாங்களே, நிரோஷா," என்றாள் தணிந்த குரலில். "புதுப் பலகை, அதுக்குள்ள இப்படி ஆக்கிட்டியேன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

நிரோஷா அவள் கைகளைப் பிடித்து மெதுவாக நகர்த்திக்கொண்டு போய், பலகையின் முன்பாதியில் வைத்தாள். அங்கே வழவழவென்று, கடையிலிருந்து வந்த அன்று இருந்தபடியே இருந்தது.

"முன்னால இன்னும் விழலன்னு சொல்லு."